முதல் நாலு எழுத்து

பதினோரு வருஷமாக ஒரு விஷயத்தை மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறேன். அதை முதலில் துப்பிவிடுகிறேன். அப்போதுதான் என் அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வரும்.

அக்கா நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறாள். பஸ் டிப்போ போகிற சாலையில் முனைக் கடை. மூன்று கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சு, மேஜை, ஷட்டர் எல்லாம் நான் அடித்துக் கொடுத்தது. எனக்கு இரண்டு தெரு தள்ளி வெல்டிங் பட்டறை. கேட்டு, கிரில், மாடிப்படிக் கைப்பிடி செய்கிறேன்.

அன்றைக்கு ஒரு வீட்டுக்காரர் கேட்டு டிசைனைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். அச்செடுத்துக்கொண்டு போகலாம் என்று அக்கா கடைக்குப் போனேன். கடையில் ஏழு பேர். இன்றைக்கும் முகம் முகமாகச் சொல்வேன், ஏழு பேர். அக்கா பென்டிரைவைச் சொருகினாள், திரையைப் பார்த்தாள், வெடுக்கென்று உருவினாள். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

“டேய், இது பென்டிரைவா, சாக்கடையா? ‘கேட் டிசைன்’னு பேர் வெச்ச புரோகிராமை உள்ளே வளர்த்துட்டு வந்திருக்கே. இன்னும் எத்தனை கடையில கொண்டுபோய்ச் சொருகினே?”

“அது ஃபோல்டர்க்கா. மஞ்சக் கலர்ல தெரியுதே, உனக்குக் கண்ணு தெரியலையா?”

“மஞ்சச் சட்டை போட்டவனெல்லாம் மாப்பிள்ளையாடா? கடைசியில இ.எக்ஸ்.இ.ன்னு வால் தொங்குது பாரு. அது ஃபோல்டர் இல்ல, வைரஸ். கையைக் கழுவிட்டு வா, போ.”

ஏழு பேரும் சிரித்தார்கள். அதில் ஒரு குமாஸ்தா இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். நாற்பது வயசு ஆம்பளை, பட்டறையில் நாலு பேருக்கு வேலை சொல்கிறவன், எனக்கு ‘டேய்’, ‘கையைக் கழுவிட்டு வா’. நான் அடித்த மேஜையில் கையை ஊன்றிக்கொண்டே சொல்கிறாள். அன்றைக்கு வீட்டில் சாப்பிடாமல் படுத்தேன். என் பெண்டாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, தப்பு யார் மேல?” என்றாள். நான் போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் மூடிக்கொண்டேன்.

துப்பியாகிவிட்டது. இனி அக்காவைச் சொல்கிறேன்.

நான் அஞ்சாவதோடு நிறுத்தினேன், அக்கா எட்டாவதோடு. இருபத்திரண்டு வயசில் ஒரு அச்சகத்தில் தாள் எண்ணி அடுக்குகிற வேலைக்குப் போனாள். அங்கே ஒரு கண்ணாடி அறை. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஆபரேட்டர். ஊரில் யார் அச்சடிக்க எது கொண்டுவந்தாலும் அந்த அறைக்குத்தான் போகும். திறந்தால் ஆபரேட்டர் வேலை செய்வார். திறக்காவிட்டால், “கெட்டுப்போச்சு, வேற கொண்டா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஒரு நாளைக்கு நாலு டீயாவது குடிப்பார் என்று அக்கா சொல்வாள்.

ஒரு மத்தியானம் ஒருத்தர் தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை சி.டி. தகட்டில் கொண்டுவந்தார். ஆபரேட்டர் வழக்கம்போலக் கெட்டுப்போச்சு என்றார். அந்த மனுஷன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆபரேட்டர் டீக்குப் போனதும் அக்கா கண்ணாடி அறைக்குள் நுழைந்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, நோட்பேட். எதைப் போட்டாலும் அது திறக்கும் என்று ஆபரேட்டர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து வைத்திருந்தாள். பத்திரிகை ஃபைலை அதில் திறந்தாள். திரை முழுக்கக் கோணல்மாணலாக எழுத்து, எறும்பு மிதிபட்ட மாதிரி. ஆனால் ஆரம்பத்தில் மட்டும் சுத்தமாக நாலு எழுத்து: எட்டு, பி, பி, எஸ். முந்தைய வாரம் ஆபரேட்டர் படம் வரைகிற புரோகிராமில் திறந்த இன்னொரு ஃபைலிலும் இதே நாலு எழுத்தை அவள் பார்த்திருந்தாள். அந்தப் புரோகிராமை முதலில் திறந்து, அதற்குள்ளிருந்து இந்த ஃபைலைக் கூப்பிட்டாள். பூ, கொடி, பெண் பேர், மாப்பிள்ளை பேர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

டீ குடித்துவிட்டு வந்த ஆபரேட்டர் கேட்டது, “யாரு என் மெஷின்ல கைய வெச்சது?”

“நான்தாண்ணே. கெட்டுப்போகலை, நல்லாத்தான் இருக்கு. யாரோ வாலை மட்டும் தப்பா வெச்சிருக்காங்க.”

ஃபைல் பேருக்குப் பின்னால் ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் மூன்று நாலு எழுத்து வருமே, அதைத்தான் அவள் வால் என்பாள். முதல் நாலு எழுத்து தலை, சிலதுக்கு இரண்டே போதும். வாலை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், தலையைச் சும்மா மாற்ற முடியாது. இதுதான் அவள் கண்டுபிடித்த முதல் பாடம். சொல்லிக்கொடுத்த வாத்தியார் யாரும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டாள். புதுசாக ஒரு ஃபைல் வந்தால் தலையைப் பார்ப்பாள், எழுதுவாள், அது எதில் திறந்தது என்று பக்கத்திலேயே குறிப்பாள். நானே அந்த நோட்டைப் பார்த்திருக்கிறேன். ‘பி.கே.: மூட்டை, பல ஃபைலை ஒன்றாகக் கட்டியது. அவிழ்த்துப் பார்.’ ‘பி.எம்.: படம், பழைய காலத்து.’ ‘எம்.இசட்.: புரோகிராம். தொடாதே.’ இந்தத் ‘தொடாதே’வைச் சிவப்பு மையில் மூன்று கோடு போட்டு எழுதியிருந்தாள். கூட்டல் கழித்தலுக்கே விரலை மடக்குகிற எங்கள் குடும்பத்தில் இப்படி ஒருத்தி.

ஒன்பது வருஷம் அச்சகம். பிறகு அச்சகம் இடம் மாறியது, அக்கா தனியாகக் கடை போட்டாள். கடைக்குப் பேர் பலகைகூட நான் அடித்ததுதான். ஆனால் அதில் இருக்கிற பேரை யாரும் சொல்வதில்லை. ஒரு ஆட்டோக்காரர் வைத்த பேர் நிலைத்துவிட்டது: சாவி அக்கா. ‘எதுவும் திறக்கலையா, சாவி அக்காகிட்ட போ.’ ஆஸ்பத்திரி நர்ஸ் வருவாள், போனில் தெரிகிற போட்டோ கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்று. கல்லூரி வாத்தியார் ஒருத்தர் வந்தார், மூன்று வருஷம் எழுதிய கட்டுரை திறக்க மறுக்கிறது என்று முகமெல்லாம் வெளுத்துப்போய். அக்கா தலையைப் பார்த்தாள், பி.கே. “சார், இது மூட்டைதான். முடிச்சு மட்டும்தான் சிக்கியிருக்கு” என்று வாலை மாற்றி மூட்டையாக அவிழ்த்து, உள்ளேயிருந்து எழுத்தைத் தனியாக, படம் அறுபதையும் தனியாக எடுத்து அடுக்கிக் கொடுத்தாள். அந்த மனுஷன் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

கடைச் சுவரில் சாமி படம்கூட இல்லை. ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள், அவள் கையெழுத்து: ‘திறக்கவில்லை என்றால் கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை. நமக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.’

அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, டவுன் பஸ் ஓட்டுகிறார். டிக்கெட்டும் அவரே கொடுக்கிற ஒற்றை ஆள் பஸ். இருபத்தாறு வருஷம். ஒரு கீறல் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. “உங்க அக்கா எனக்கும் சேர்த்துப் பேசிடறா, நான் எதுக்கு?” என்பார்.

அவர் மேல்தான் இடி விழுந்தது. அக்கா அப்போது ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம், போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு காலையில் மருந்துக் கடை ஸ்டாப்பில் ஒரு பெரியவர் பஸ் ஏறும்போது விழுந்துவிட்டார். இடுப்பில் அடி. ‘எங்கப்பா கால் வைக்கிறதுக்குள்ள பஸ்ஸை எடுத்துட்டான்’ என்று அவர் மகன் புகார் கொடுத்தான். மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணையில் தப்பு என்று முடிவானால் வேலையும் போகும், ஓட்டுகிற உரிமமும் போகும். நாலு வருஷத்தில் ஓய்வு பெற வேண்டிய மனுஷன்.

“நான் வண்டியை எடுக்கலை மாப்பிள்ளை” என்றார் என்னிடம். “பிரேக்குல கால் இருந்தது.” அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னார். “குழந்தை பொறக்கற நேரம். அவ நிம்மதியா இருக்கட்டும்.”

மருந்துக் கடை வாசலில் கேமரா இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மறுநாளே போனேன். கடைக்காரர் தங்கமான மனுஷன். மேஜைக்கு அடியில் இருந்த பதிவுப் பெட்டியில் என் பென்டிரைவைச் சொருகி, அந்தக் காலையில் பத்து நிமிஷத்தை எடுத்துக் கொடுத்தார். “பத்திரமா வெச்சுக்கோங்க. பத்து நாள்தான் இதுல நிக்கும். அப்புறம் பழசு மேலயே புதுசு எழுதிடும்” என்றார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். இரும்புத் தகடு வெட்டுகிற மெஷினுக்கு என்று பட்டறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். அதில் சொருகிப் பார்த்தேன். இரண்டு ஃபைல். ஒன்று பெரியது, பார்த்தே இராத வால். இன்னொன்று சின்னது. அதன் வாலைப் பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. இ.எக்ஸ்.இ.

பதினோரு வருஷம் ஆச்சு, நான் மறப்பேனா? மருந்துக் கடைப் பெட்டியிலிருந்து வைரஸ் வந்திருக்கிறது. இதோடு அக்கா கடைக்குப் போனால் மறுபடி ஏழு பேர் சிரிப்பார்கள். கரப்பான்பூச்சியை அடிக்கிற மாதிரி அந்த ஃபைலை அழித்தேன். குப்பைக்கூடையையும் காலி செய்தேன். அப்புறம் பெரிய ஃபைலைத் திறந்து பார்த்தேன், திறக்கவில்லை. வீடியோ என்றால் எம்.பி.4 தானே என்று வாலை மாற்றினேன். அப்போதும் கறுப்புச் சதுரம்தான் வந்தது. போகட்டும், அக்கா வந்தால் திறப்பாள், சாவி அக்கா ஆயிற்றே என்று விட்டுவிட்டேன். மீதி இடத்தில் பாட்டு ஏற்றிக்கொண்டேன்.

பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு அக்கா வந்து இறங்கியபோது பதினாறு நாள் ஆகியிருந்தது. விசாரணைக்கு இன்னும் நாலு நாள்தான். விஷயத்தைக் கேட்டதும் மாமாவை ஒரு பார்வை பார்த்தாள்.

“என்கிட்ட சொல்லாம இருக்கறதுக்கு வாய் வேணாம்னுதான் ஊமையா இருந்தீங்களா இத்தனை நாளா?”

“சொன்னா நீ ஓடி வந்துடுவே” என்றார் மாமா.

“வராம? புருஷனை வேலையை விட்டு நிறுத்தினா அங்கே உட்கார்ந்து தாலாட்டுப் பாடுவேனா? குடுடா பென்டிரைவை.”

கொடுத்தேன். முதல் வேலையாக அந்தப் பெரிய ஃபைலை இரண்டு நகல் எடுத்தாள். பென்டிரைவை ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி போட்டுப் பெட்டியில் வைத்தாள். “அசலை யாரும் தொடக் கூடாது. நான் உள்பட.” பிறகு நகலை நோட்பேடில் போட்டாள். பெரிய ஃபைல், நோட்பேட் மூச்சு வாங்கியது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது. நாலு எழுத்து. அக்கா நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை வைத்துத் தேடினாள். இல்லை. அவள் பார்த்தே இராத தலை.

“அக்கா, நான்தான் வாலை மாத்தினேன். அதனால கெட்டுப்போச்சா?”

“இல்லடா. பலகையில பேரை மாத்தி எழுதினா வீட்டுக்குள்ள இருக்கற ஆளு மாறிடுவாங்களா? உள்ளே அப்படியே இருக்கு.” இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கடையில் ரெண்டு பேர் நின்றிருந்தார்கள், அவர்களுக்குக் கேட்கக் கூடாது என்றுதான். அதை நான் கவனித்தேன். “இது அந்தப் பெட்டிக்கு மட்டும் தெரிஞ்ச பாஷை. அதைப் படிக்கிறதுக்குன்னு ஒரு பிளேயர் இருக்கணும். சாதாரணமா பெட்டியே வீடியோகூட அதையும் சேர்த்துப் போட்டுத் தரும். வேற ஒண்ணும் கூட வரலையா?”

நான் அவள் நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

“டேய்.”

“வந்துச்சுக்கா.”

“எங்கே?”

“அழிச்சுட்டேன். இ.எக்ஸ்.இ.ன்னு இருந்தது. நீதானே சொன்னே.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா எழுந்து வாசலுக்குப் போய் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் அவர் ஓட்டுகிற தடத்தில் வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். அக்கா அந்த பஸ்ஸையும் பார்த்தாள், மாமா முதுகையும் பார்த்தாள். ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தாள்.

“அழிச்சதை மீட்டு எடுக்கலாமாக்கா?”

“மேலே பாட்டு ஏத்தி வெச்சிருக்கே. அது இருந்த இடத்துல இப்ப யாரோ பாடிட்டிருக்காங்க.”

“மருந்துக் கடையில மறுபடி கேட்டா?”

“பதினாறு நாள் ஆச்சே. அந்தப் பதிவு…” சட்டென்று நிறுத்தினாள். பேனாவைக் கீழே வைத்தாள். “அந்தப் பதிவு எதுக்குடா? அது நம்மகிட்டதான் இருக்கே! நமக்கு வேண்டியது பிளேயர். இன்னைக்குப் பதிவு அஞ்சு நிமிஷம் எடுத்தாலும் அது கூடவே வருமே. ஷட்டரை இறக்கு, கிளம்பு.”

ஷட்டரை இறக்கினேன். கடையில் நின்றிருந்த இரண்டு பேரையும் வெளியே விட்டுவிட்டுத்தான் இறக்கினேன்.

மருந்துக் கடைக்காரர், “மறுபடியுமா?” என்று பெட்டியை இழுத்தார். அக்கா புதுப் பென்டிரைவைக் காலியாக்கிக் கொண்டுவந்திருந்தாள். இன்றைய காலையில் ஐந்து நிமிஷம் எடுத்தார். இரண்டு ஃபைல் வந்தது. பெரியது ஒன்று, சின்னது ஒன்று. சின்னதைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அக்கா இன்னொரு வேலையும் செய்தாள். பெட்டித் திரையில் ஓடுகிற கடிகாரத்தையும், தன் போனில் ஓடுகிற கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னாள். பெட்டி இருபத்திரண்டு நிமிஷம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது.

“இது எதுக்குக்கா?”

“கேக்கற ஆளு வருவான் பாரு.”

கடைக்குத் திரும்பி வந்து, இன்றைய பெரிய ஃபைலின் தலையையும் நம் ஃபைலின் தலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே நாலு எழுத்து. இன்றையதின் வாலைப் பார்த்து நம் நகலுக்கும் அதே வாலை வைத்தாள். இனி அந்தச் சின்ன ஃபைல். அது புரோகிராம்தான், தலை எம்.இசட்.தான். சிவப்பு மையில் மூன்று கோடு போட்டவளே அவள்தான். வைரஸ் பார்க்கிற புரோகிராமில் விட்டுப் பரிசோதித்தாள். பிறகு மூலையில் சும்மா கிடந்த பழைய மெஷினைத் துடைத்து எடுத்தாள். அதில் இன்டர்நெட் கிடையாது, வாடிக்கையாளர் ஃபைல் ஒன்றுகூடக் கிடையாது. கெட்டாலும் அது மட்டும்தான் கெடும்.

திறப்பதற்கு முன்னால் நோட்டை எடுத்தாள். ‘தொடாதே’ என்பதைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: ‘யார் கொடுத்தது, எங்கிருந்து வந்தது, கேள். தெரியாவிட்டால் தொடாதே.’ எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். “பாதி தப்பு என்னுது. காரணத்தைச் சொல்லாம பயத்தை மட்டும் சொல்லிக்குடுத்துட்டேன்.”

டீ வாங்கிவரப் போனேன்.

நான் திரும்பி வந்தபோது மருந்துக் கடை வாசல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் வந்து நிற்கிறது. நாலு பேர் ஏறுகிறார்கள். கடைசியில் பெரியவர். வலது காலைப் படியில் வைக்கிறார், இடது கால் செருப்பு சாலையோரக் கல்லில் மாட்டுகிறது, சரிகிறார். அக்கா பெரியவரைப் பார்க்கவில்லை, பஸ்ஸின் பின் சக்கரத்தையே பார்த்தாள். சக்கரத்து நட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த வெள்ளைப் புள்ளி, பெரியவர் ஏறுவதற்கு முன்னாலும் ஆறு மணி முள் மாதிரி நேர் கீழே, விழுந்து எழுகிற வரைக்கும் அதே நேர் கீழே. ஒரு நூல்கூட நகரவில்லை. அதற்குப் பிறகு மாமா கதவு வழியாகக் குதித்து ஓடி வருகிறார்.

“பிரேக்குல கால் இருந்தது” என்றார் மாமா, திரையைப் பார்த்தபடி.

“இருந்தது, இருந்தது. யாரு இல்லைன்னா?” என்றாள் அக்கா. அவள் கண்ணைத் துடைத்தாளா, கண்ணாடியைத் துடைத்தாளா என்று எனக்குத் தெரியாது. டீ ஆறிப்போயிருந்தது.

விசாரணை நாளன்று நான் அந்தப் பழைய மெஷினைப் பட்டறை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். “எதுக்கு இந்த மூட்டை, பென்டிரைவ் போதாதா?” என்று கேட்டேன். “நான் ஒருத்தர் வீட்டுக்குப் போறப்ப அவங்க அடுப்பு எரியும்னு நம்பிப் போறதில்ல” என்றாள்.

அறையில் நீளமான மேஜை. விசாரணை அதிகாரி, அவர் பக்கத்தில் ஒரு குமாஸ்தா, கழுத்தில் அட்டை மாட்டிய கம்ப்யூட்டர் ஆள். புகார் கொடுத்த மகனும் பெரியவரும் ஒரு பக்கம். பெரியவர் இடுப்பில் பட்டை கட்டியிருந்தார்.

கம்ப்யூட்டர் ஆள் எடுத்த எடுப்பிலேயே, “வெளியிலேருந்து வந்த புரோகிராமை எங்க மெஷின்ல ஓட்ட முடியாதும்மா. விதி” என்றார்.

“நல்ல விதி தம்பி. நானும் அப்படித்தான். அதான் என் மெஷினையே கொண்டாந்திருக்கேன்.”

“இல்லைன்னா எல்லாத்துலயும் ஓடற மாதிரி வீடியோவா மாத்திக் குடுங்க.”

“மாத்தியும் வெச்சிருக்கேன். அந்தப் பிளேயர்லயே மாத்தினது.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியை இறக்கினார். “மாத்தினதை நான் எப்படிம்மா ஆதாரமா எடுத்துக்கறது? மாத்தும்போது நடுவுல எதையாவது வெட்டியிருந்தா?”

அக்கா சாவகாசமாக ஒட்டிய உறையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“ஐயா, இது கூஜா. பெட்டியிலேருந்து வந்தது வந்தபடி. இதுல பேரு மட்டும் ஒருதடவை மாறிச்சு, மாத்தினது இதோ நிக்கற என் தம்பி, அதையும் எழுதிக்குங்க. இன்னொண்ணு டம்ளர், கூஜாவிலேருந்து ஊத்தினது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டறேன். தண்ணி ஒரே தண்ணியான்னு நீங்களே பாருங்க.”

உறையை அதிகாரி முன்னாலேயே பிரித்தாள். ‘என் மெஷின்’ என்று சொன்னாளே, அதில் அசலும், அவர்கள் மெஷினில் அவள் மாற்றி வைத்திருந்த வீடியோவும் ஒரே நேரத்தில் ஓடின. மேஜையைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். புகார் கொடுத்த மகன் குனிந்து பார்த்துவிட்டு, “நேரம் ஒத்துப்போகலையே! எங்கப்பா விழுந்தது ஒன்பதே கால். இதுல எட்டு அம்பத்தி மூணுன்னு காட்டுது” என்றான்.

அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். இரண்டு கடிகாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற படம். இருபத்திரண்டு நிமிஷம். குமாஸ்தா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “சரியா வருது சார்” என்றார்.

அதிகாரி வெள்ளைப் புள்ளியை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். பெரியவர்தான் முதலில் பேசினார். “நான் பொய் சொல்லலைம்மா. விழுந்தப்ப வண்டி நகர்ந்த மாதிரிதான் இருந்தது.”

“தெரியும்ப்பா” என்றாள் அக்கா. “விழறவங்களுக்கு பூமியே நகர்ந்த மாதிரிதான் இருக்கும். உங்க மேல தப்பில்லை. கல்லு மேல தப்பு.”

மாமா எழுந்து போய்ப் பெரியவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முடிவைத் தாளில் எழுதிக் கொடுக்க எட்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கே அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நாங்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அதிகாரி தொண்டையைக் கனைத்தார். “அம்மா, எங்க ஆபீஸ்ல பழைய ஃபைல் ஒண்ணு ரெண்டு வருஷமா திறக்காம கிடக்கு…” கம்ப்யூட்டர் ஆள் நிலத்தைப் பார்த்தார். அக்கா அந்த ஆளையே பார்த்து, “தம்பி, முதல் நாலு எழுத்து என்னன்னு பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க. நீங்களே திறந்துடலாம்” என்றாள். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எட்டாவது படித்தவள், அட்டை மாட்டிய ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறாள், அதுவும் அவர் தலை குனியாதபடிக்கு. வண்டியில் மெஷினை ஏற்றும்போது எதிரே வந்த முன்பின் தெரியாத ஆளிடம்கூட, “இவங்க என் அக்கா” என்று சொன்னேன். அவர், “சரிங்க” என்று போனார்.

மாமா மறுபடி அதே தடத்தில் ஓட்டுகிறார். கடையில் கூட்டம் முன்னைவிட அதிகம். என்னை இன்னும் ‘டேய்’ என்றுதான் கூப்பிடுகிறாள். போன செவ்வாய்க்கிழமை ஏழு பேருக்கு மேலேயே இருந்தார்கள், எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

அன்றைக்குத்தான் ஒரு கட்டு ஒட்டுத்தாளையும் மாமா தடத்தில் இருக்கிற நாற்பத்து மூன்று ஸ்டாப்பின் பட்டியலையும் என் கையில் திணித்தாள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கேமரா வைத்திருக்கிற கடை எது என்று பார்த்து, பதிவுப் பெட்டி மேலே ஒட்ட வேண்டுமாம். நம் மாமாவுக்காவது நாம் இருந்தோம், மற்ற டிரைவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்றாள்.

“என்னன்னு எழுதணும்க்கா? அச்சடிச்சே குடுத்துடேன்.”

“அச்சடிச்சதை யாரும் படிக்க மாட்டாங்க. உன் கோணக் கையெழுத்துல எழுதுடா, நின்னு படிப்பாங்க. ‘அழிக்காதே’ன்னு மட்டும் எழுதாதே. ரெண்டு ஃபைல் வரும், பெருசு பதிவு, சின்னது அதைத் திறக்கறது, ரெண்டையும் சேர்த்துக் குடுங்கன்னு எழுது. அப்படியே பெட்டிக் கடிகாரத்தையும் சரிபண்ணி வெச்சுட்டு வா.”